பிளஸ் டூவில் நாங்கள் கேட்கும் பாடம்

(செண்பகத்தோப்பில் நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மைக் இல்லாமல் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் அண்ணன் காரணமும் சொன்னார். இந்தத் தோப்புக்குப் பின்னால் தெரிகிற மலை, 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. "அணில் கோவிச்சுக்கிட்டாக்கூட சமாளிச்சுக்கலாம்ப்பா, புலி கோவிச்சுக்கக் கூடாது" என்றார். ஆகவே கடைசி வரிசைக்காரர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். வகுப்பில்தான் வரவில்லை, இங்கேயாவது வாருங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "மேல்நிலை வகுப்புகளில் புதிய பாடங்கள்". நான் கல்வியாளன் இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். அதனால் காலையில் காட்டுப் பாதையில் நடந்தபோது, கூட வந்த தம்பி தங்கைகளிடமே கேட்டுப் பார்த்தேன். "மறுபடியும் பதினொன்றாம் வகுப்புக்குப் போனால், இப்போது இல்லாத எந்தப் பாடத்தைக் கேட்பீர்கள்?" என்று.

ஒரு தங்கை சட்டம் வேண்டும் என்றாள். ஒரு தம்பி சினிமா எடிட்டிங் என்றான். செயற்கை நுண்ணறிவு என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இன்னொரு தங்கை, "வட்டி, வரி, இன்சூரன்ஸ் இதெல்லாம் சொல்லித் தந்திருந்தா எங்கப்பா சீட்டுப் பணத்தை இழந்திருக்க மாட்டார் சார்" என்றாள். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் சத்திரப்பட்டித் தம்பி ஒருவன் சொன்னான்: "எங்க வீட்டுல பேண்டேஜ் துணி நெய்யிற தறி இருக்கு சார். அதுல நூல் ஏன் அறுந்துக்கிட்டே இருக்குன்னு சொல்ற பாடம் ஏதாவது இருந்தா நான் அதைத்தான் எடுத்திருப்பேன்."

அந்தத் தம்பிக்கு ஒரு செய்தி சொன்னேன், அவன் நம்பவில்லை. நீ கேட்கிற பாடம் இருக்கிறது. நம் மாநில மேல்நிலைத் தொழிற்கல்விப் பாடங்களில் நெசவியல் தொழில்நுட்பம் என்றே ஒன்று உண்டு. அடிப்படை இயந்திரவியல் உண்டு, மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம் எல்லாம் உண்டு. பாடப்புத்தகம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நீ படித்த பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை. உன் பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் இல்லை. பட்டியலில் இருக்கிற பாடம் வேறு, வகுப்பறையில் இருக்கிற பாடம் வேறு.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் ஹாஸ்டல் அறைத் தோழன். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் என்னால் பேச முடியாது. பெயர் சொல்ல மாட்டேன். அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், சொன்னால் அடிப்பான்.

நாங்கள் 2007-ல் கல்லூரிக்கு வந்தோம். நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்த்த முதல் வருடம் அது. நான் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் படித்தவன். 200-க்கு நல்ல கட்-ஆஃப். அவன் கிராமத்து அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு, அந்தக் காலத்து ஜெனரல் மெஷினிஸ்ட். தொழிற்கல்விப் பிரிவுக்கென்று இருக்கிற தனி ஒதுக்கீட்டில் வந்தான். முதல் வாரம் நாங்கள் அவனைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தோம், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வந்தது. மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு போவது பெருமையாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. "இந்தப் பொருளை முன்பக்கமிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, வரை" என்கிறார்கள். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, ஒரு பொருளை மனசுக்குள் திருப்பிப் பார்க்க ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. கண்ணாடிக்குக் கீழே டியூப்லைட்டை வைத்து, அடுத்தவன் ஷீட்டைப் பிரதி எடுத்துத்தான் ரெக்கார்டு முடித்தேன். பரீட்சைக்குக் கண்ணாடியை எடுத்துப்போக முடியாதே. முதல் அரியர் அதில்தான்.

அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மெஸ்ஸிலிருந்து நாலு கேரட்டை எடுத்து வந்தான். ஒன்றை நேர்குறுக்காக வெட்டி, "வட்டம்" என்றான். அடுத்ததைச் சாய்த்து வெட்டி, "நீள்வட்டம்" என்றான். மூன்றாவதைக் கேரட்டின் பக்கச் சரிவுக்கு இணையாக வெட்டி, "இதான் பரவளையம், உங்க கணக்குப் புஸ்தகத்துல ஒய் ஸ்கொயர் ஈக்குவல்டு போர் ஏ எக்ஸ்னு எழுதி வச்சிருக்கீங்களே, அது" என்றான். கூம்பு வெட்டு என்று பிளஸ் டூவில் ஒரு பாடமே மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவன் நான். கூம்பை வெட்டினால் வருவதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்பது கேரட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நாலாவது கேரட்டை அவன் சாப்பிட்டுவிட்டான்.

எங்களுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தவன் என்ன ஆனான்? தொழிற்கல்விப் பிரிவில் மொழிப் பாடங்கள் போக, தொடர்புடைய பாடம் என்று ஒன்று, மீதி தொழிற்பாடமும் செய்முறையும். அவனுக்குக் கணக்கு இருந்தது. இயற்பியலும் வேதியியலும் பத்தாம் வகுப்போடு சரி. முதலாண்டு இன்ஜினியரிங் பிசிக்ஸ் வகுப்பில் அலைச் சமன்பாட்டை எழுதினால், அவனுக்கு அது எந்த மொழி என்றே தெரியவில்லை. நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோமா? கொஞ்சம். அவன் எங்களுக்குச் செலவழித்த ராத்திரிகளில் பாதிகூட நாங்கள் அவனுக்குச் செலவழிக்கவில்லை. அந்த இரண்டு தாளும் கடைசி வருடம் வரை அவன் கழுத்தில் தொங்கின. கேம்பஸ் நேர்காணலுக்கு வந்த நிறுவனங்கள், அரியர் உள்ளவர்கள் வெளியே இருக்கலாம் என்றன. அவன் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தான். நான் உள்ளே போய் வேலை வாங்கிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடத்தில் அந்த மரத்தடியை நான் மறந்ததில்லை.

வேலைக்குப் போன இடத்தில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சேர்ந்த இரண்டாவது வருடம். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு இரும்பு பிராக்கெட் செய்து அனுப்ப வேண்டும். வரைபடத்தைப் படித்து, எந்தப் பக்கம் எத்தனை துளை என்று பட்டறைக்கு எழுதிக் கொடுத்தது நான். நம் நாட்டில் முதல் கோண வீச்சு. இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் வரைவோம். அமெரிக்கர்களுக்கு மூன்றாம் கோணம். இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கமே இருக்கும். படத்தின் மூலையில் இரண்டு வட்டமும் ஒரு நுனி வெட்டிய கூம்புமாக ஒரு சின்னம் இருக்கிறது, அது எந்தக் கோணம் என்று சொல்லும். நான் பார்க்கவில்லை. நாற்பது பிராக்கெட்டுக்குத் துளை எதிர்ப்பக்கம் விழுந்தபிறகு, ஐ.டி.ஐ. படித்த பெரியவர் ஒருவர் மூலப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சின்னத்தைப் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கும் கேட்காதபடி கேட்டார், அது அவர் பெருந்தன்மை. நாற்பதும் பழைய இரும்புக்குப் போயிற்று.

இப்போது புரிந்திருக்கும், நான் எந்தப் பாடத்தைக் கேட்கப் போகிறேன் என்று. தொழில் வரைபடமும் பட்டறைப் பயிற்சியும். கணிதப் பிரிவில் நாலாவது பாடமாக, உயிரியலோ கணினியோ எடுக்கிற இடத்தில், விரும்புகிறவர்களுக்கு இது ஒன்று. அரம் பிடித்து ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்குவது, வெர்னியரில் அளப்பது, அளந்ததை வரைவது, அடுத்தவர் வரைந்ததைப் படித்துச் செய்வது. இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. சி.பி.எஸ்.இ.யில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்றே பாடம் வைத்திருக்கிறார்கள்.

நேற்று இரவு இதைச் சொன்னதும் என் பேராசிரியர் ஒருவர், "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல வரையறாங்க, நீ டிராஃப்டரைத் தூக்கிட்டு வர்றியே" என்றார். நியாயமான கேள்வி. நான் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்தேன் அல்லவா? ஒரு புத்தகம் முழுக்க ஸ்டார் ஆஃபீஸ். எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்று நெட்டுருப் போட்டோம். அந்த மென்பொருளை ஆரக்கிள் நிறுவனம் 2011-ல் கைவிட்டது. நம் பிள்ளைகள் 2019 மார்ச் தேர்வு வரை அதைப் படித்து எழுதினார்கள்! அதே பாடத்தில் இருந்த சி பிளஸ் பிளஸ் எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. கருவியைப் பாடமாக வைத்தால் கருவி போனதும் பாடம் போய்விடும். செயற்கை நுண்ணறிவு கேட்ட மூன்று பேரும் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்றைய செயலியை இயக்கச் சொல்லித்தருவதா, அதற்கு அடியில் இருக்கும் புள்ளியியலைச் சொல்லித்தருவதா என்று கேட்டு வாங்குங்கள். புள்ளியியல் நம் மேல்நிலைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது, எடுப்பார்தான் குறைவு. கம்ப்யூட்டரில் வரைந்தாலும் பொருளுக்கு முன்பக்கமும் மேல்பக்கமும் மாறுவதில்லை சார்.

ஆனால் பாடத்தைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதுமா? இங்கேதான் நம் ஊரின் பழைய கதையைப் பார்க்க வேண்டும். பழைய பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே பொறியியல், செயலகப் பயிற்சி என்று கிளைப்பாடங்கள் இருந்தன. 1978-ல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் பத்து சதவீதமும் 1995-க்குள் இருபத்தைந்து சதவீதமும் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று எழுதியது. நாலில் ஒருவர்! இங்கே இருக்கிறவர்களில் தொழிற்கல்விப் பிரிவிலிருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்... மூன்று பேர். நானும் எண்ணியிருந்தது அவ்வளவுதான்.

என் தோழன் படித்த பள்ளிக்குப் போன வருடம் அவனோடு போனேன். அவனுடைய ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பிரிவை மூடிவிட்டார்கள். லேத் இன்னும் இருக்கிறது, தார்ப்பாய் போர்த்தியபடி. மேலே உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள். அவன் தார்ப்பாயை விலக்கி, சக்கைக் கையால் சுற்றிப் பார்த்தான். சுற்றியது. "எண்ணெய் விட்டா ஓடும்டா" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் வேறு பேசவில்லை.

பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும், கருவி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல், படித்து முடித்தவனுக்கு எதிரே ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நாலாவது பாடத்துக்கு ஒரு மார்க் கிடையாது. அப்புறம் நாலாவது பாடமாக எதை வைத்தால் என்ன, பிள்ளை அதைத் தேர்ச்சிக்காக மட்டும்தான் படிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது.

வாசல் எப்படித் திறப்பது என்பதற்கு இரண்டு இடத்தைச் சொல்கிறேன். ஒன்று இலங்கை. அங்கே உயர்தரத்தில், அதாவது நம் பிளஸ் டூ நிலையில், 2013-ல் தொழினுட்பவியல் என்று ஒரு புதிய துறையே ஆரம்பித்தார்கள். பொறியியல் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், இரண்டுக்கும் பொதுவாகத் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம். தொழிற்கல்வி படிப்பவனுக்கும் விஞ்ஞானம் கட்டாயம் என்பதைக் கவனியுங்கள், என் தோழனுக்குக் கிடைக்காதது அதுதான். அதோடு நிற்காமல் அவர்களைச் சேர்ப்பதற்கென்றே பல்கலைக்கழகங்களில் தொழினுட்பப் பீடங்களைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பப் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. பாடத்தோடு கூடவே வாசலையும் கட்டினார்கள்.

இன்னொன்று அமெரிக்கா. அங்கிருக்கும் நம் பேட்ச் நண்பன் விளக்கினான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று கல்லூரித் தரத்தில் தேர்வு எழுதலாம். ஐந்துக்கு மூன்றோ நாலோ வாங்கினால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முதலாண்டில் மறுபடி படிக்கச் சொல்வதில்லை. 1998-ல் சுற்றுச்சூழல் அறிவியலை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். இத்தாலிய மொழியை 2006-ல் சேர்த்து, எழுதுவார் குறைவென்று 2009-ல் நிறுத்தி, பிறகு பலர் சேர்ந்து பணம் திரட்டிக் கொடுத்தபின் திரும்பக் கொண்டுவந்தார்கள். பணக்கார நாட்டிலும் பாடத்துக்கு ஆள் கணக்குப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

என் கோரிக்கை இதிலிருந்து வந்ததுதான். நாலாவது பாடத்தைக் கட்-ஆஃபில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முதலில் அப்படித்தான் நினைத்தேன். என் தோழன்தான், "லேத்தே இல்லாத ஊருப் பையன் என்னடா செய்வான்? பணம் கட்டுற ஸ்கூலுக்குத்தான் அது லாபம்" என்று மறித்தான். சரிதான். அதனால், இந்தப் பாடத்தைப் பிளஸ் டூவில் தேறி வருகிறவனுக்கு முதலாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸிலிருந்து விலக்குக் கொடுங்கள், அந்த நேரத்தில் அவன் வேறு ஒரு தாள் படிக்கட்டும். எடுக்காதவனுக்கு நஷ்டமில்லை. அதேபோலத் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கிறவன் விரும்பினால் இயற்பியலையும் கூடுதல் தாளாக எழுத வழி செய்யுங்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெறும் பேராசிரியர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

காலமும் தோதாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2017-18-ல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மூச்சு விட இடம். அதை அரம் பிடிப்பதற்கும் பயன்படுத்தலாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போடவும் பயன்படுத்தலாம். முன்பு பல பள்ளிகள் இரண்டாவதைச் செய்ததால்தான் அந்தத் தேர்வே வந்தது. மறுபடி அதே வழியில் போய்விடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

அரசு முடிவெடுக்கட்டும், பல்கலைக்கழகம் முடிவெடுக்கட்டும். அதுவரை நாம் என்ன செய்வது என்று நேற்றுப் பேசினோம். நம் கல்லூரிப் பட்டறை சனிக்கிழமை மதியம் பூட்டித்தான் கிடக்கிறது. முதல்வர் சம்மதித்து, முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதியும் வாங்கிவிட்டால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அரசுப் பள்ளிகளிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்து வரலாம். மாணவியரும் வர வேண்டும், அது என் நிபந்தனை. இருபது வெர்னியர், இருபது அரம், பத்து டிராயிங் போர்டு, ஒரு வேனுக்கு வாடகை. சத்திரப்பட்டித் தம்பி தன் வீட்டுத் தறியின் உதிரிப் பாகம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். முதல் வகுப்பில் அதைத்தான் அளந்து வரையப் போகிறோம். நூல் ஏன் அறுகிறது என்பது அங்கேயே தெரிந்தாலும் தெரியலாம்.

சொல்லிக்கொடுக்க ஆள்? நான் வெளியூரில் இருக்கிறேன், மாதம் ஒரு சனிக்கிழமை வருவேன். மற்ற சனிக்கிழமைகளுக்கு, இன்று ராஜபாளையத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்து, என்னைவிடச் சுத்தமாக டிராயிங் படிக்கிற ஒருவன் ஒத்துக்கொண்டிருக்கிறான். கேரட்டுச் செலவு தனி என்று சொல்லிவிட்டான்.

அந்த மேசையில், பால்கோவாப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பணம் தருகிறவர்கள் ஒரு பக்கம், சனிக்கிழமை தருகிறவர்கள் மறுபக்கம் பெயர் எழுதுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிவிடுங்கள், சாப்பிட்ட பிறகு மாமரத்தடியில் தூக்கம் வந்துவிடும்.